செவ்வந்தி அபார்ட்மெண்ட்ஸில் செல்போன்கள் கனத்த நாட்கள்

பாளையங்கோட்டையில், முன்பு வயலாக இருந்து, பிறகு பிளாட்டாகி, பிறகு மூன்று மாடிக் கட்டடமாகிவிட்ட ஓர் இடத்தில், முப்பத்தாறு வீடுகளும் ஒரு லிஃப்டும் ஓயாத தண்ணீர் மோட்டாரும் உள்ள செவ்வந்தி அபார்ட்மெண்ட்ஸில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று விடிந்தபோது எல்லாருடைய செல்போன்களும் கனத்துக் கிடந்தன. செயலாளர் தாணு அண்ணாச்சி அலாரத்தை நிறுத்தக் கையை நீட்டினார்; போன் அலறிக்கொண்டே இருந்தது, மேஜையை விட்டு மட்டும் வரவில்லை. "என்ன வே இது, அம்மிக்கல்லு மாதிரில்லா கிடக்கு" என்று அவர் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. முதல் மாடி ஆவுடையம்மா தன்னுடையதை இரண்டு கையாலும் தூக்கி, பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் போன் ஒன்றரைக் கிலோ இருந்தது. பலருடையது அதைவிடக் கனம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏன் கனத்தன என்று கேட்டால் எங்கள் யாரிடமும் பதில் இல்லை, எப்போதிலிருந்து என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் திங்கட்கிழமை சாயங்காலம், தரைத்தளத்து மூன்றாம் எண் வீட்டில் வாடகைக்கு இருக்கிற இருதயராஜ் குடும்பம் பதினைந்து நாளில் காலி பண்ண வேண்டும் என்று எங்கள் செல்போன் குரூப்பில் முடிவாயிற்று. முப்பத்தாறு வீட்டில் அந்தச் செய்தி தெரியாத ஒரே வீடு இருதயராஜ் வீடுதான். எங்கள் குரூப்பில் சொந்த வீட்டுக்காரர்களை மட்டும்தான் சேர்ப்போம். அதற்குப் பெயர் 'செவ்வந்தி குடும்பம்'. அவரிடம் யார் சொல்வது என்று யாரும் கேட்கவில்லை, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று முப்பத்தாறு பேரும் நினைத்துக்கொண்டோம்.

இருதயராஜ் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வெள்ளை வண்டி அது. நாலு வருடமாக வண்டியை முதலாளியின் ஷெட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, கேட்டுக்கு வெளியே இருக்கிற குழாயில் முகமும் கையும் காலும் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். முதலாளி ஷெட்டை விற்றுவிட்டதால் மூன்று நாளாக வண்டியை எங்கள் காம்பவுண்டுக்குள், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஆவுடையம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார். ஆவுடையம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்த அம்மாள் குரூப்பில் எழுதியது ஒரே வரி, அதுவும் கைகூப்புகிற பொம்மை போட்டு: 'பின்னால் நிற்கும் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்ல முடியுமா?' அவ்வளவுதான் கேட்டார், சத்தியமாக அவ்வளவுதான்.

அதற்கு அடுத்தவர் வண்டி காம்பவுண்டுக்குள்ளேயே வரக் கூடாது என்றார், அவருக்கு அடுத்தவர் இது குடும்பங்கள் இருக்கிற இடம் என்றார், இன்னொருத்தர் வாடகைக்கு ஆள் வைக்கும்போது விசாரிக்க வேண்டாமா என்றார், இன்னொருத்தர் 'இந்த மாதிரி ஆட்கள்' என்று எழுதினார், எந்த மாதிரி என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் ஒரு படி ஏறினால் அடுத்தவர் இரண்டு படி ஏறினார், கீழே இறங்கி நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அதற்குள் மேலே ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். தொடங்கி இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனபோது குற்றாலிங்கம் ஒரு பத்தி எழுதினார். ஒரு பிழை இல்லாத, நிறுத்தி நிதானமாக அடுக்கிய பத்தி, கடைசி வரி: 'பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.' அதற்கு, அவர் தனக்கே போட்டதையும் சேர்த்து, முப்பத்தொரு கட்டைவிரல் விழுந்தது. ஐந்து பேர் ஒன்றும் போடவில்லை. பதில் போடாதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்பது எங்கள் குரூப்பின் சட்டம்.

அந்த முப்பத்தொன்றில் ஒரு கட்டைவிரல் என்னுடையது. நான் சொர்ணம், இரண்டாம் மாடி. முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள். அடுப்பில் பால் இருந்தது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முழுதாகக்கூடப் படிக்கவில்லை, விரலை வைத்துவிட்டுப் பாலை இறக்கப் போய்விட்டேன்.

போன்கள் கனத்ததை நாங்கள் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், தண்ணீர் லாரி வராத நாளைப் போல, கரண்டு போன மத்தியானத்தைப் போல, வந்துவிட்டது, இனி சமாளிக்க வேண்டியதுதான் என்றுதான் எடுத்துக்கொண்டோம். சட்டைப் பைகள் கிழிந்ததால் ஆண்கள் எல்லாரும் காக்கித் துணியில் பை தைத்துத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் மொட்டைமாடியில் வடகத் துணி பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு போன் வைத்தார்கள், நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிக்கு மேலே பாரம் வைத்தார்கள், பக்கத்துத் தெருவிலிருந்து அதிரசத்தில் எண்ணெய் பிழிய இரவல் கேட்டுக்கூட ஆள் வந்தது. லிஃப்ட் இரண்டு பேர் ஏறினாலே முனகிக்கொண்டு நின்றது, பார்க்க வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி, "ஆளு ரெண்டு பேருதானே நிக்கீங்க? லிஃப்டு பன்னெண்டு பேருங்கு. நா யாரு சொல்லுததை நம்ப?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. செல்போன் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுச் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கும் என்றார். மஸ்கட்டில் இருக்கிற, மூன்றாம் எண் வீட்டின் சொந்தக்காரர் தன் போனும் கனக்கிறது என்று கம்பெனி போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

காய்கறி வண்டிக்காரர் தராசை இரவல் கொடுத்ததும் ஒவ்வொருவருடையதையும் நிறுத்துப் பார்த்தோம். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. தினமும் விடிந்ததும் பூவும் சூரியனும் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிற மூன்றாம் மாடி சாரின் போன், அவர் வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கில் அனுப்பியிருந்தும், அவர் போட்ட ஒரு கட்டைவிரலின் எடைதான் இருந்தது. கட்டைவிரல் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ. எழுதிய வரிகளுக்கு அதனதன் சூட்டைப் பொறுத்து. ஒன்றும் போடாமல் சும்மா இருந்த ஐந்து பேருக்கும் கால் கிலோ இருந்தது, அதில் அவர்களுக்கு ரொம்ப வருத்தம். எழுதியதை அழித்துப் பார்த்தவர்களும் உண்டு. அழித்த இடத்தில் இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும் இல்லையா, அந்த வரி பழையதைவிடக் கால் கிலோ கூடுதலாக இருந்தது. குற்றாலிங்கத்தின் போனைத் தராசில் ஏற்ற முடியவில்லை. அவரும் தாணு அண்ணாச்சியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அதை எப்படிக் குறைப்பது என்பதும் தெரிந்துபோயிற்று. முதல் மாடி மும்தாஜ் டீச்சர் போன வருடம் எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றி, படிக்கட்டில் செருப்பை வாரி இறைக்கிறார்கள் என்று குரூப்பில் பொதுவாக எழுதியிருந்தார். அன்றைக்குப் படியில் அந்த வீட்டு அம்மாளே எதிரில் வந்தபோது, பையின் கனத்தில் தோள் வலித்துக்கொண்டிருந்த எரிச்சலில், "உங்க வீட்டுச் செருப்பாலதான் நா ரெண்டு மட்டம் தடுக்கி விழுந்தேன்" என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள், "யாரையோ சொல்லுதீங்கன்னுல்லா நெனைச்சேன். அப்பமே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். டீச்சரின் தோளில் பை சட்டென்று இளகியது. யாரைப் பற்றி எழுதினோமோ அவர் முகத்தைப் பார்த்து அதே விஷயத்தைச் சொல்லிவிட்டால் எடை போய்விடுகிறது.

அதன்பிறகு இரண்டு நாள் செவ்வந்தி அபார்ட்மெண்ட்ஸ் சந்தைக்கடையாகத்தான் இருந்தது. கார் நிறுத்துகிற தகராறு, நாய்த் தகராறு, மேல்வீட்டில் உரலை உருட்டுகிற தகராறு என்று மூன்று வருடமாகக் குரூப்பில் ஊறிக் கிடந்ததெல்லாம் படிக்கட்டிலும் மொட்டைமாடியிலும் வைத்து ஆளுக்கு நேரே சொல்லப்பட்டது. சிலர் சண்டை போட்டார்கள், ஒருவர் அழுதார், இரண்டு பேர் நாலு நாள் பேசாமல் இருந்தார்கள், பெரும்பாலானவர்கள் 'இவ்வளவுதானா' என்று சிரித்துவிட்டார்கள். எடை குறைந்துகொண்டே வந்தது. மிஞ்சியது இருதயராஜ் பற்றி எழுதியது மட்டும். மொத்த எடையில் முக்கால்வாசி அதுதான்.

அப்படியாக, ஒவ்வொருவராக, மற்றவர்களுக்குத் தெரியாமல் தரைத்தளத்து மூன்றாம் எண் வீட்டுக்குப் போகத் தொடங்கினோம். சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் எல்லாரும் படியிறங்கினார்கள். கதவு திறந்ததும் எல்லாருக்கும் வாய் வேறு எங்கோ போயிற்று. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார்கள். கொசு அதிகமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். குரூப்பில் இல்லாத இருதயராஜின் போன் மட்டும் கனக்கவில்லை என்பதால் அதை வாங்கிக் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர் மனைவி ஸ்டெல்லா வந்தவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, அதே எடையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். உள்ளறையில் அவர்கள் மகள் பிரின்சி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் குறித்த பதினைந்தாம் நாளுக்கு ஐந்து நாள் கழித்து அவளுக்குப் பரீட்சை தொடங்குகிறது என்பதை அந்தக் காப்பி குடிக்கும்போதுதான் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டோம்.

எட்டாம் நாள் நானும் போனேன். இருதயராஜ் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, சந்தோஷம் தாங்காதவராகச் சொன்னார்: "யக்கா, நாலு வருசமா இருக்கோம், ஒரு ஆளு இந்த வாசப்படி ஏறினதில்ல. நம்ம தொழிலு அப்பிடி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இப்பம் பாத்தா தினம் ஏழெட்டுப் பேரு வாராங்க. பிள்ள பரீட்சைக்குப் போறால்லா, அதான் விசாரிச்சிட்டுப் போறாங்கன்னு ஸ்டெல்லாட்ட சொல்லிட்டிருந்தேன்." ஸ்டெல்லா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், மஸ்கட்காரர் மறுபடியும் கூப்பிட்டு, சனிக்கிழமை புரோக்கர் புதுக் குடும்பத்தை வீடு பார்க்கக் கூட்டிவருவார் என்று தாணு அண்ணாச்சியிடம் சொன்னார். புரோக்கர் வாயிலிருந்தா இருதயராஜ் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? தாணு அண்ணாச்சி வீடு வீடாக ஏறி இறங்கி, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் என்று சொன்னார். இருதயராஜிடமும் போய், "நீங்களும் வந்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார்.

எங்கள் பழைய கூட்டங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லாவிட்டால் இது புரியாது. குரூப் வருவதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். மூன்று ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் பின்வரிசையில் இருப்போம், மற்றவர்கள் மிக்சரைத் தின்றுவிட்டு எழுந்துபோவார்கள். குற்றாலிங்கம் ஒவ்வொரு வருடமும் எழுந்து நிற்பார். சர்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவர், தங்கமான மனுஷர், ஆனால் நாக்கு திக்கும். தன் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டுவதே அவருக்கு ஒரு மலை. அவர் 'மோ, மோ' என்று தொடங்கும்போதே தாணு அண்ணாச்சி, "சரி சரி, மோட்டார் விசயம், எழுதிக்கிட்டேன்" என்று உட்கார வைத்துவிடுவார். மற்ற நேரத்தில் அவர் மனைவி செண்பகம் அவருடைய வாக்கியங்களை முடித்து வைப்பாள். அப்படிப்பட்டவர் குரூப்பில் சிங்கம். அவர் எழுதினால் எதிர்த்து எழுத ஆள் கிடையாது.

கூட்டத்துக்கு யாரும் போனைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லாரும் மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். தாணு அண்ணாச்சி தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அதற்குள் இருதயராஜ் வந்து, வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, குழாயில் கை கால் கழுவி, ஈரக் காலோடு கடைசி வரிசைக்கு வந்தார். உட்காருவதற்கு முன்னால், "நா வாடகைக்கு இருக்கவன். என்னையும் மதிச்சுக் கூப்பிட்டிருக்கீங்க. ரொம்ப நன்றி" என்றார். நாங்கள் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

முதலில் எழுந்தது ஆவுடையம்மாதான். "இருதயராஜு, தப்பா எடுத்துக்கிடாதீங்க. எம் பொண்ணு நெறமாசமா இருக்கா. காலையில ஜன்னலத் தெறந்தா உங்க வண்டி. எனக்கு ஈரக்கொல நடுங்குது. மொதப் பேறுல நாஞ் செத்துப் பிழைச்சவ. அதான்" என்றார்.

இருதயராஜ் எழுந்து நின்றார். "இதச் சொல்ல எதுக்கும்மா இத்தன நாளு? சன்னல்லருந்து ஒரு சத்தம் போட்டா மாத்தி நிறுத்திருப்பேனே. தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிக்கிடுதேன். போதுமா?"

"போதும்யா" என்றார் ஆவுடையம்மா. உட்கார்ந்துவிட்டார்.

அதோடு கூட்டத்தை முடித்திருக்கலாம். முடித்துவிடத்தான் தாணு அண்ணாச்சியும் பார்த்தார், வாயைத் திறந்து நன்றி சொல்லப் போனார். ஆனால் நாளைக்குப் புரோக்கர் வரப்போகிறார், அது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாராவது சொல்ல வேண்டுமே. அவர் கண் வரிசை வரிசையாக வந்தது. அது படுகிற இடத்திலெல்லாம் தலைகள் குனிந்தன, என் தலையும்தான். அப்போது நடுவரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் எழுந்திருந்தார்.

"ப" என்றார். "ப... ப..."

செண்பகம் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி நிறுத்தினார். தாணு அண்ணாச்சி, "சரி சரி" என்று தொடங்கி, ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார். குற்றாலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுகி மூடியது, உதடு அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புக்கு மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து முடித்து வைத்துப் பழகியவள் நான், எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அந்த வார்த்தையை எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் இருதயராஜைப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். உடம்பை வண்டியில் ஏற்ற விடாமல் கட்டிக்கொண்டு அழுகிற எத்தனையோ வீட்டு வாசல்களில், யாரையும் அவசரப்படுத்தாமல், மணியைப் பார்க்காமல் நின்று பழகிய மனுஷர் அவர். அதே நிதானத்தோடு குற்றாலிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அதைப் பார்த்து நாங்களும் காத்திருந்தோம். செவ்வந்தி அபார்ட்மெண்ட்ஸில் ஒருவர் பேசி முடிப்பதற்காக மற்ற எல்லாரும் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"பதி... பதினஞ்சு நாள்ல நீங்க வீ... வீடு காலி பண்ணணும்னு குரூப்புல எ... எழுதினது நான்" என்றார் குற்றாலிங்கம். அந்த ஒரு வாக்கியம் வந்து சேர நாலு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இருதயராஜின் முகம் வெளிறுவது எங்களுக்குத் தெரிந்தது. குற்றாலிங்கம் நிறுத்தவில்லை. "எ... எனக்குப் பேச வராது. எழுதினா த... தடங்காம வருது. எல்லாரும் கேக்காங்க. அந்த சந்... சந்தோசத்துல... இன்னும், இன்னும்னு... எழுதிட்டேன். உங்க மேல எனக்கு ஒரு கோ... கோவமும் கிடையாது."

சொல்லி முடித்ததும் அவர் உட்காரவில்லை, அழுதுகொண்டே நின்றார்.

இருதயராஜ் கேட்டார், அவர் குரல் அப்படி இருந்து நாங்கள் கேட்டதில்லை: "அப்பம் இத்தன நாளா நீங்கல்லாம் எங்க வீட்டுக்கு வந்தது இதுக்குத்தானா? பிள்ளைய விசாரிக்க இல்லியா?"

எழுதும்போது இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் நூற்று நாற்பது பதில் போட்டவர்கள் நாங்கள்.

"சரி. இப்பம் நா இங்கனதான் நிக்கேன்" என்றார் அவர். "குத்தாலிங்கம் சார் சொல்லிட்டாரு. அவரு ஆம்பள. மத்தவங்க மனசுல என்ன இருக்கோ அதையும் சொல்லிருங்க. போகச் சொன்னா போறேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

ஒவ்வொருவராக எழுந்தோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. கொஞ்சம் பேர் எழுந்தார்கள். மும்தாஜ் டீச்சர் எழுந்து, 'இந்த மாதிரி ஆட்கள்' என்று எழுதியது தான்தான் என்று சொன்னார். ஒருவர், வண்டி உள்ளே நிற்பது தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை, ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வது அநியாயம் என்றார். காலை வணக்கம் சார், ஏன் விரல் போட்டோம் என்று தனக்கே தெரியவில்லை என்றார். இருதயராஜ் ஒவ்வொருவரையும் முடிக்க விட்டுக் கேட்டார், யாரையும் சமாதானப்படுத்தவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் தாணு அண்ணாச்சி, இருதயராஜ் குடும்பம் இங்கேயே இருக்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கைகள் எழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணாமல், "எல்லாருந்தான்" என்றார். மஸ்கட்டுக்கு உடனே சொல்லியாக வேண்டும், ஆனால் அந்த இடத்தில் இருந்த ஒரே போன் இருதயராஜுடையது. தாணு அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினார். இருதயராஜ் கொடுத்தார். புரோக்கர் வர வேண்டாம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்டது.

நாங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாம் எண் வீட்டுக் கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லா முன்னால் வந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நீங்க கையத் தூக்கிட்டீங்க. நாங்க இருக்கணுமா போகணுமான்னு எங்கள யாரும் கேக்கல" என்றாள். "எம் மக காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படிச்சா, நா உங்களுக்குக் காப்பி ஆத்திட்டிருந்தேன். இனும அப்பிடி நடக்காது. பரீட்சை முடியுத மட்டும் இங்க இருப்போம். அதுக்குப் பொறவும் இருக்கதா வேண்டாமான்னு நாங்க மூணு பேரும் யோசிச்சுச் சொல்லுதோம். ஒண்ணு சொல்லுதேன். இனும எங்க வீட்டுக்கு வாரவங்க வாசல்லயே விசயத்தச் சொல்லிரணும். அதுக்குப் பொறவுதான் உள்ள." புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு லிஃப்ட் முனகாமல் ஏறியது. குற்றாலிங்கம் ஜன்னலோரம் கிடந்த போனை ஒரே கையால் எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார் என்று செண்பகம் சொன்னாள். இரவுச் சாப்பாட்டில் தன்னோடு ஒரு மணி நேரம் பேசினாராம், இவள் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லையாம். என் போன் ஒன்றரைக் கிலோவாகவே இருந்தது. கட்டைவிரல்தானே, அதையெல்லாமா போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது என்று ஒரு மனது சொல்லிற்று. அந்த மனதை நான் நன்றாக அறிவேன், பாலை இறக்கப் போனதும் அதுதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தரைத்தளத்துக்கு இறங்கிப் போய் மூன்றாம் எண் கதவைத் தட்டினேன். ஸ்டெல்லா திறந்தாள். சிரிக்கவில்லை. நாற்காலி போடுகிற பேச்சும் இல்லை. வாசற்படியில் நின்றே சொன்னேன், முப்பத்திரண்டு வருடம் ஊரார் குரலைச் சுமந்த எனக்கு என் குரல் கிடைக்க நேரமாயிற்று: "ஸ்டெல்லா, உங்களப் போகச் சொன்னதுக்கு நானும் கட்டைவிரல் போட்டேன். படிச்சுக்கூடப் பாக்கல. அன்னைக்கு உங்க காப்பியையும் குடிச்சிட்டு, பிள்ளைய விசாரிக்கத்தான் வந்தேன்னு பொய் சொன்னேன். நா செஞ்சது பெரிய தப்பு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.

"உள்ள ஏற்கெனவே இதே மாதிரி சொல்லிட்டு வந்த ஆறு பேரு இருக்காங்க. நாற்காலி கிடையாது. சத்தங் காட்டாம தரையில உக்காருவீங்களாக்கா?"

"உக்காருவேன்" என்றேன்.